ஓர் ஊரைக் கேட்டு எழுதுதல்: சமூகக் கணக்கெடுப்பு நடத்தும் முறை

முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஆய்வேட்டுக்காக இருநூறு வீடுகளுக்குப் போய்வர வேண்டிய மாணவருக்கும், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே "சர்வே உங்கள் பொறுப்பு" என்று ஒப்படைக்கப்பட்டவருக்கும் பயன்பட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். பாடநூல்கள் விதிகளைச் சொல்கின்றன. அந்த விதி யார் செய்த தவறிலிருந்து பிறந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இத்துறையில் நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்குகளில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் செய்த பிழை அம்பலமான பிறகு ஏற்பட்டவை. பிழை தெரிந்தால் விதி மறக்காது. விதியை எங்கே தளர்த்தலாம், எங்கே தளர்த்தவே கூடாது என்பதும் விளங்கும். ஆகவே வரலாற்றையும் செய்முறையையும் பிரிக்காமலே சொல்கிறேன்.

எதை அளக்கிறோம்

கப்பல் தொழில் நடத்திவந்த சார்லஸ் பூத், லண்டன் மாநகரில் ஏழைகள் எத்தனை பேர் என்று அறிய 1886-இல் தம் சொந்தப் பணத்தில் ஒரு பெரும் விசாரணையைத் தொடங்கினார். எல்லா வீடுகளுக்கும் போவது இயலாது என்பதால், பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று பார்க்கத் தெருத்தெருவாக நடந்த பள்ளி வாரிய ஊழியர்களை உட்காரவைத்துத் தெருவாரியாகக் கேட்டு எழுதினார். வறுமையின் அளவுக்கேற்பத் தெருக்களுக்குக் கறுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று வண்ணமிட்ட அவருடைய வரைபடங்களை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். லண்டன் மக்களில் 30.7 சதவீதத்தினர் வறுமையில் இருப்பதாக அவர் கணக்கிட்டார். யார்க் நகரில் 1899-இல் கணக்கெடுத்த சீபோம் ரவுன்ட்ரீ, உழைக்கும் மக்களின் 11,560 குடும்பங்களுக்கு, அதாவது 46,754 பேரின் வீடுகளுக்கு, நேரடியாக ஆளனுப்பினார். வறுமை என்ற சொல்லுக்கு எல்லைக்கோடும் போட்டார். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் உடல்வலு குன்றாமல் பிழைத்திருக்க வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று உணவு, வாடகை, துணி, எரிபொருள் எல்லாவற்றுக்கும் விலைபோட்டுக் கூட்டினார். வருமானம் அதற்கும் கீழே உள்ளவர்களை முதல்நிலை வறுமையில் சேர்த்தார்.

அவருடைய முடிவில் இரண்டு எண்கள் உண்டு. யார்க் மக்கள்தொகையில் 9.91 சதவீதத்தினர் முதல்நிலை வறுமையிலும், 17.93 சதவீதத்தினர் இரண்டாம்நிலை வறுமையிலும் இருந்தனர். முன்னது கூட்டிக் கழித்து வந்த எண். பின்னதோ, வருமானம் போதுமானதாக இருந்தும் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தால் இல்லாமை தெரிகிறது என்று, போனவர் தம் கண்ணால் கண்டு தீர்மானித்த எண். இரண்டையும் கூட்டி வரும் 27.84-இல் பெரும்பகுதி பார்த்தவரின் அபிப்பிராயத்தின் மேல்தான் நிற்கிறது. உங்கள் கணக்கெடுப்பிலும் இந்த இரண்டு வகை எண்களும் வரும். எது அளந்தது, எது பார்த்து முடிவுசெய்தது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே பிரித்து எழுதிவைத்துவிடுங்கள்.

செய்யவேண்டிய முதல் வேலை, வெற்று அட்டவணைகளைத் தாளில் கோடு போட்டு வரைவதுதான். இடப்பக்கம் என்ன, மேலே என்ன, கட்டத்துக்குள் எந்த எண் வரும் என்று நிரப்பாத அட்டவணை பத்துப் பன்னிரண்டு தயாராகட்டும். எந்த அட்டவணையிலும் இடம்பிடிக்காத கேள்வியை எடுத்துவிடுங்கள். "குடிநீர் வசதி" என்று தலைப்பிடுவதால் பயனில்லை. வீட்டிலிருந்து குழாய்க்கு எத்தனை நிமிட நடை, ஒரு நாளைக்கு எத்தனை குடம் கிடைக்கிறது, யார் போய்ப் பிடிக்கிறார் என்று உடைத்தால்தான் கட்டத்துக்குள் எண் விழும். இந்த வேலைக்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளைச் சேமிக்க நினைத்தவர்கள், களத்திலிருந்து திரும்பிய பிறகு இரண்டு மாதம் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் இல்லாதவர்கள்

அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ், 1936 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரியை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிரப்பித் திருப்பி அனுப்பினர். அதற்கு முந்தைய தேர்தல்களில் இந்த இதழின் கணிப்பு தொடர்ந்து பலித்திருந்தது. இம்முறை எதிர்க்கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. பதவியில் இருந்த ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளுடன் வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். அதே தேர்தலில், ஒப்பிடவே முடியாத அளவு சிறிய மாதிரியைக் கொண்டு, அதாவது எல்லோருக்கும் பதிலாகத் தேர்ந்தெடுத்த சிலரைக் கேட்டு, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொல்லியிருந்தார். டைஜஸ்ட் தன் முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுத்திருந்தது; பொருளாதார மந்தம் அடித்துப்போட்ட காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? பதில் அனுப்பாத பெரும்பான்மையினர், அனுப்பியவர்களிலிருந்து வேறுபட்டவர்களாக இருந்ததும் அதே அளவுக்குக் காரணம் என்று பின்னாளில் ஆய்ந்தவர்கள் காட்டினார்கள். வாட்ஸ்அப் குழுவில் இணையப் படிவத்தைப் பரப்பிவிட்டு "ஆயிரம் பேர் பதிலளித்தார்கள்" என்று எழுதும் இன்றைய ஆய்வேடுகள் செய்வதும் இதே தவறுதான். ஆயிரம் என்ற எண் அங்கே எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

ஊரில் உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பட்டியலும் யாரையோ விட்டுவிடுகிறது. வாக்காளர் பட்டியலில், போன மாதம் வந்து குடியேறிய வெளிமாநிலத் தொழிலாளி இருக்க மாட்டார். கட்டிக்கொடுத்த மகள் பிறந்த ஊரிலேயே இன்னும் இருப்பார். குடும்ப அட்டைப் பட்டியலில், தனிக்குடித்தனம் போய் அட்டை பிரிக்காத மகன் தகப்பன் வீட்டிலேயே இருப்பார். வீட்டு வரிப் பட்டியல் கதவெண்ணைப் பார்க்கும். ஒரே கதவெண்ணுக்குள் மூன்று அடுப்பு எரிவதைப் பார்க்காது. நான் முதன்முதலில் பொறுப்பேற்ற ஒரு கணக்கெடுப்பில், அலுவலகம் ஒன்றில் கொடுத்த பட்டியலை அப்படியே நம்பி மாதிரி எடுத்தேன். பத்து நாள் வேலை முடிந்த பிறகுதான், காலனிக்குப் பின்னால் ஓடைக்கரையில் இருந்த ஒரு முழு வரிசை வீடுகள் அதில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. பட்டா இல்லாத இடம் என்பதால் வரி இல்லை. வரி இல்லாததால் பட்டியலிலும் இல்லை. நாங்கள் அளக்கப்போன வறுமை அந்த வரிசையில்தான் அதிகம் இருந்தது.

ஆகவே உங்கள் பட்டியலை நீங்களே எடுங்கள். இருவர் சேர்ந்து, ஊரின் ஒரு மூலையில் தொடங்கி, கைவரைபடம் ஒன்றை வரைந்துகொண்டே எல்லாச் சந்துகளிலும் நடக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் கேட்டுவிட்டுச் சாக்கட்டியால் எண் எழுத வேண்டும். அறுநூறு வீட்டு ஊருக்கு இது மூன்று நான்கு நாள் வேலை. பூட்டிய வீட்டுக்கும் எண் உண்டு. அரிசி ஆலைக்குப் பின்னால் உள்ள கொட்டகை, தென்னந்தோப்புக் காவல்காரர் குடிசை, செங்கல் சூளை, கோயில் மண்டபத்தில் தங்கியிருப்போர், ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருப்போர் என எல்லோரையும் தேடிப் போங்கள். பிறகு அங்கன்வாடி ஊழியரிடமும், பால் சொசைட்டியில் அளந்து ஊற்றுகிறவரிடமும், டீக்கடையிலும் வரைபடத்தைக் காட்டி "யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்குப் பலன் கிடைக்காத ஊரே இல்லை.

எந்த வீடு, எத்தனை வீடு

எல்லோரையும் எண்ணினால்தான் கணக்கு என்று நம்பப்பட்ட காலத்தில், ஒரு பகுதியை மட்டும் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்து முழுமையைப் பற்றிப் பேசலாம் என்று 1895-இல் பெர்ன் நகரில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியலாளர்களிடம் நார்வேயின் அண்டர்ஸ் கியேர் சொன்னபோது எதிர்ப்புதான் மிகுந்தது. ஆர்தர் பவுலி 1912-இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருபதுக்கு ஒரு வீடு என்று எடுத்துக் காட்டினார். ஆனாலும், தேர்வை அதிர்ஷ்டத்திடம் விடுவதா, அறிந்தவர் பார்த்துப் பொறுக்குவதா என்ற வழக்கு தீரவில்லை. இத்தாலியில் கினி, கல்வானி என்ற இரு புள்ளியியலாளர்கள், நாட்டின் 214 வட்டாரங்களிலிருந்து, ஏழு பண்புகளில் தேசியச் சராசரியோடு ஒத்துப்போகும்படி 29 வட்டாரங்களை ஆராய்ந்து பொறுக்கினார்கள். அந்த ஏழும் பொருந்தின. மற்றவற்றில் பல பொருந்தவே இல்லை. இந்த அனுபவத்தை எடுத்துவைத்துத்தான், குலுக்கல் முறைத் தேர்வே நம்பத்தக்கது என்பதை 1934-இல் ஜெர்சி நெய்மன் கணிதத்தால் நிறுவினார். "நம் ஊருக்கு ஏற்ற சராசரியான வீடாகப் பார்த்துப் போங்கள்" என்று வழிகாட்டுபவரிடம் இந்த 29 வட்டாரங்களின் கதையைச் சொல்லுங்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் பானைச் சோறு ஒரே தீயில், ஒரே கொதியில் வெந்தது. நம் ஊர்கள் அப்படி வேகவில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். அக்ரகாரம், மேலத்தெரு, கீழத்தெரு, புது நகர் என்று தெருவுக்குத் தெரு நிலமும் சாதியும் வருமானமும் மாறுகின்றன. எனவே முதலில் பட்டியலைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டு, அதன் பிறகு ஒரே இடைவெளியில் எடுங்கள். அறுநூறு வீட்டில் நூறு வேண்டுமானால் இடைவெளி ஆறு. ஒன்று முதல் ஆறு வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். நான்கு வந்தால் 4, 10, 16 என்று போய் 598-இல் முடியும். எல்லாத் தெருவும் தன் அளவுக்கேற்ப உள்ளே வந்துவிடும். சிறிய காலனியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டுமென்றால் அங்கே கூடுதலாக எடுத்துவிட்டு, மொத்தக் கணக்குப் போடும்போது அந்த வீடுகளின் எடையை, அதாவது கணக்கில் அவற்றுக்குத் தரும் பங்கை, அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை வீடு என்பதைப் பற்றி ஓர் எளிய கணக்கு போதும். ஆம், இல்லை என்ற வகைக் கேள்விக்கு, 95 சதவீத நம்பிக்கையுடன், ஐந்து சதவீதப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவில் விடை வேண்டுமானால் 384 வீடுகள் தேவை. மூன்று புள்ளிக்குள் வேண்டுமானால் 1,067. பத்துப் புள்ளி போதுமானால் 96. ஊரே அறுநூறு வீடுதான் என்றால் 384 என்பது ஏறத்தாழ 235 ஆகக் குறையும். பல ஊர்களைத் தேர்ந்து, ஊருக்குச் சில வீடு என்று எடுத்தால் எண்ணிக்கை கூட வேண்டும், ஏனென்றால் ஒரே ஊரார் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். தடுப்பூசி ஆய்வுகளில் முப்பது இடம், இடத்துக்கு ஏழு குழந்தை என்று 210 எடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பழைய முறையில் இந்தக் கூடுதல் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. "பத்து சதவீத மாதிரி எடுத்தேன்" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அந்தப் பத்துக்கு எந்த அடிப்படையும் கிடையாது.

இந்தியாவில் இந்த வேலையை அறிவியலாக்கியவர் பி. சி. மகலனோபிஸ். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைக் கொல்கத்தாவில் அமைத்த அவர், வங்காளத்தில் சணல் பயிரான பரப்பை மாதிரி முறையில் அளந்தபோது கையாண்ட ஓர் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பகுதியிலிருந்து ஒன்றோடொன்று பின்னிய இரண்டு மாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துவிடுவார். இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் நல்லது. விலகிப் போனால் களத்தில் ஏதோ நடந்திருக்கிறது. 1950 அக்டோபரில் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று 1,833 கிராமங்களைக் கொண்டு இந்தியக் கிராமப்புறத்தைப் பேசத் துணிந்ததும் அவருடைய வழிகாட்டலில்தான். அவருடைய உத்தியை நீங்களும் செலவில்லாமல் செய்யலாம். தேர்ந்தெடுத்த வீடுகளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி, ஒற்றைப்படை வரிசையை ஒருவரிடமும் இரட்டைப்படை வரிசையை இன்னொருவரிடமும் கொடுத்து, வாரக் கடைசியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி எழுதுதல்

மிகச் சாதாரணமாகத் தோன்றும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்: உங்கள் வீட்டில் எத்தனை பேர்? கேட்பவர் கூரையை நினைப்பார், சொல்பவர் ரேஷன் கார்டை நினைப்பார். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களே ஒரு குடும்பம் என்பது நம் நாட்டுக் கணக்கெடுப்புகளின் வரையறை; களத்தில் அதை "ஒரே உலையில சாப்பிடுறவங்க யார் யார்?" என்று கேட்டால் யாருக்கும் குழப்பம் வராது. சென்னையில் வேலை பார்க்கும் மகனைச் சேர்ப்பதா, விடுதியில் படிக்கும் மகளைச் சேர்ப்பதா, வளைகுடாவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் கணவரைச் சேர்ப்பதா என்று முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் நான்கு களப்பணியாளர்கள் நான்கு விதமாகச் சேர்ப்பார்கள்.

இரண்டாவது, வேலை. தென்காசிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அக்கா, நீங்க என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டேன். "வேலையெல்லாம் ஒண்ணும் பாக்கல, சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றார். மடியில் முறம், முறத்தில் வெட்டிய பீடி இலையும் தூளும், பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பீடியைச் சுற்றி நூல் கட்டிப் போட்டிருந்தார். "ஒரு நாளைக்கு எத்தன சுத்துவீங்க?" என்றதும், "எழுநூறு, எண்ணூறு வரும்" என்றார். படிவத்தில் "வேலை இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த எண்ணூறு பீடியும் கணக்கில் இல்லாமல் போயிருக்கும். வேலை என்ற சொல் நம் மக்களிடம் வெளியே போய்ச் சம்பளம் வாங்குவதையே குறிக்கிறது. எனவே, விடிந்தது முதல் படுக்கும் வரை நேற்று என்னென்ன செய்தீர்கள் என்று மணிவாரியாகக் கேட்பதே சரியான வழி. 1998-99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சோதனையாகவும் 2019-இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் இந்த முறையில்தான் நடந்தன.

மூன்றாவது, நினைவு. இதில் நம் நாடே பட்ட பாடு ஒன்று உண்டு. உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்குக் கேட்பதா, 7 நாளுக்குக் கேட்பதா என்பது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் நெடுநாள் விவாதம். 7 நாளுக்குக் கேட்டால் சொல்லப்படும் நுகர்வு அதிகமாக வருகிறது என்பது சோதனைகளில் தெரிந்திருந்தது. 1999-2000-இல் நடந்த 55-ஆவது சுற்றில், ஒரே குடும்பத்திடம், ஒரே தாளில், பக்கம்பக்கமாக இரண்டு காலத்துக்கும் கேட்டார்கள். முதலில் ஒரு பதிலைச் சொன்னவர் அடுத்ததை அதற்கேற்றாற்போல் சரிசெய்துகொள்வது இயல்புதானே, எழுதுகிறவரும் அப்படியே. இரண்டு பதில்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துவிட்டன. 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 சதவீதமாகக் குறைந்துவிட்டதாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. உண்மையில் எவ்வளவு குறைந்தது, தாளில் கட்டங்களை அருகருகே வைத்ததால் எவ்வளவு குறைந்தது என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். கோடிக்கணக்கான மக்களின் ஏழ்மை ஒரு படிவ வடிவமைப்பின்மேல் தொங்கியது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. எனவே அடிக்கடி வாங்கும் பொருளுக்குச் சிறிய காலம், துணிமணி, மருத்துவமனைச் செலவு, கல்விக் கட்டணம் போன்றவற்றுக்கு ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அவர்கள் கேட்ட காலத்தையே, அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேளுங்கள்.

அளவுகளில் கவனம் வேண்டும். டெல்டாவில் நிலத்தை மாவில் சொல்வார்கள். ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். குழி என்ற அளவு ஊருக்கு ஊர் மாறும். மூட்டை என்றால் எத்தனை கிலோ மூட்டை என்று கேட்க வேண்டும். அவர்கள் சொன்ன அளவில் அப்படியே எழுதிக்கொண்டு, ஏக்கருக்கும் கிலோவுக்கும் மாற்றுவதை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயதைக் கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று முழு எண்களிலேயே பதில்கள் குவியும். அங்கே நிகழ்ச்சிகள் கைகொடுக்கும்: 1964 தனுஷ்கோடிப் புயல், 1987-இல் எம்.ஜி.ஆர். மறைவு, 2004 சுனாமி. "எம்.ஜி.ஆர். செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தயங்காமல் பதில் வரும்.

சொல்தேர்வும் விடையை மாற்றும். மக்களாட்சிக்கு எதிரான பேச்சை "அனுமதிக்க வேண்டுமா?" என்று ஒரு பிரிவினரிடமும் "தடைசெய்ய வேண்டுமா?" என்று இன்னொரு பிரிவினரிடமும் 1940-இல் அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்களின் விகிதம், தடைசெய்ய வேண்டும் என்றவர்களைவிடக் கணிசமாக அதிகம். பொருள் ஒன்றுதான், ஆனால் "தடை" என்ற சொல் காதுக்குக் கடுமையாக இருந்திருக்கிறது. "சாலையும் தண்ணீரும் நன்றாக இருக்கின்றனவா?" என்று இரண்டை ஒன்றாகக் கட்டாதீர்கள். படிவத்தைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். "தங்கள் இல்லத்தின் பிரதான வருவாய் ஆதாரம் யாது?" என்று அச்சிட்டால், நான்கு களப்பணியாளர்களும் வாசலில் நின்று நான்கு விதமாக மொழிபெயர்ப்பார்கள், எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்று பிறகு சொல்ல முடியாது. எழுதி முடித்ததும், மாதிரியில் இல்லாத பதினைந்து இருபது வீடுகளில் கேட்டுப்பாருங்கள். எங்கே திருப்பிக் கேட்கிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பக்கத்தில் உள்ளவரைப் பார்க்கிறார்கள் என்று குறியுங்கள். அந்தக் கேள்விகள்தான் பழுதானவை. நாற்பது நிமிடத்துக்கு மேல் போகும் படிவத்தின் கடைசிப் பக்கங்களை நான் நம்புவதில்லை.

வாசலில்

யார் நீங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், பதில் சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை, இதனால் உங்களுக்கு வீடோ கடனோ கிடைக்கப்போவதில்லை: இந்த ஐந்தையும் முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கையில் படிவத்தோடு வருகிறவரைக் கண்டால் ஏதோ திட்டம் வருகிறது என்று மக்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது; அந்த நினைப்பை வளரவிட்டு வாங்கும் பதில் ஏமாற்றி வாங்கியதாகவே ஆகும், அதில் மாட்டின் எண்ணிக்கையும் குறையும், கடனின் அளவும் கூடும். ஆதார் எண்ணைக் கேட்கவே வேண்டாம். பெயர், முகவரி உள்ள தாளையும் பதில்கள் உள்ள தாளையும் வெவ்வேறு இடத்தில் வைத்து, எண்ணால் மட்டும் இணையுங்கள்.

நூறு நாள் வேலைக்குப் போகிற ஊரில் காலை பத்து மணிக்குப் போனால் பெரியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். பெண்களிடம் கேட்கவேண்டியதைக் கணவரோ மாமியாரோ முன்வந்து சொல்லும்போது, "அண்ணே, உங்ககிட்டயும் கொஞ்சம் கேக்கணும், இவரு கேப்பாரு" என்று நாம் சொல்ல, கூடவந்தவர் அவரைத் திண்ணைப் பக்கம் அழைத்துப்போவது பலமுறை உதவியிருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் கொடுத்தால் எந்தத் தெருவிலும் வாங்கிக் குடியுங்கள். ஒரு தெருவில் குடித்து, இன்னொரு தெருவில் "வேண்டாம்" என்பவரிடம் அந்தத் தெரு உண்மை பேசாது, பேச வேண்டியதுமில்லை.

பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும். பக்கத்து வீட்டை அதற்குப் பதிலாக எடுக்கக் கூடாது. பகலில் ஆள் இருக்கும் வீடும் இல்லாத வீடும் ஒரே மாதிரியான வீடுகள் அல்ல. மூன்று முறைக்குப் பிறகும் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்றே எழுதுங்கள். அந்த எண்ணிக்கையும் உங்கள் முடிவின் ஒரு பகுதி.

களப்பணியாளருக்குப் படிவக் கணக்கில் கூலி கொடுக்காதீர்கள். படிவத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசினால், வெயிலில் அலைந்த ஓர் இளைஞர் மாலையில் மரத்தடியில் உட்கார்ந்து நான்கு படிவத்தைத் தாமே நிரப்புவதற்கு நாமே வழிவகுக்கிறோம், குற்றம் நம்முடையது. நாள்கூலி கொடுங்கள், நாளுக்கு ஐந்தாறு வீடு போதும் என்று சொல்லுங்கள். அன்றைய படிவங்களை அன்றிரவே உட்கார்ந்து பாருங்கள். மறுநாள் அதே தெருவுக்குத்தானே போகிறார்கள், விட்டதைக் கேட்டு வரலாம். பத்தில் ஒரு வீட்டுக்கு நீங்களே திரும்பப் போய், மாறாத இரண்டு மூன்று விவரங்களை மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள். கைப்பேசியில் எழுதுவதானால் ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் போன்றவை திறமூலச் செயலிகள், தமிழிலும் படிவம் அமைக்கலாம். தேவையற்ற கேள்வியைத் தாண்டிச் செல்வதையும் முரணான எண்ணை மறுப்பதையும் அவை பார்த்துக்கொள்ளும். மழைக்கும் சார்ஜுக்கும் அஞ்சி ஒரு கட்டுத் தாள் படிவமும் பையில் இருக்கட்டும்.

எண்ணாக்கி எழுதும்போது

"தெரியாது", "சொல்ல மறுத்தார்", "பொருந்தாது", "சுழியம்" ஆகிய நான்கும் வெவ்வேறு. நான்கையும் வெற்றுக் கட்டமாக விட்டால் கடன் இல்லாதவரும் கடனைச் சொல்லக் கூசியவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு கொடுங்கள். இருபது பேரில் ஏழு பேர் சொன்னதை "35 சதவீதம்" என்று எழுதாமல் "இருபதில் ஏழு பேர்" என்றே எழுதுங்கள். அறிக்கையில், பட்டியலில் எத்தனை வீடு, தேர்ந்தவை எத்தனை, பேசியவை எத்தனை, மறுத்தவை எத்தனை, எந்த மாதத்தில் கேட்டீர்கள் என்பவை முதல் பக்கத்திலேயே வர வேண்டும். அறுவடை மாதத்து வருமானமும் ஆடி மாதத்து வருமானமும் ஒன்றல்ல. கேள்விகளை நீங்கள் கேட்ட சொற்களிலேயே பின்னிணைப்பில் கொடுங்கள்.

அடுத்து வருபவருக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களைப் பற்றி எழுதிவரச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி முதலிய ஊர்களின் விவரங்கள் 1918-இல் நூலாக வந்தன. மாதிரி எடுக்கும் முறையெல்லாம் அதில் கிடையாது. இன்றைய அளவுகோலில் குறை நிறையச் சொல்லலாம். ஆனால் எந்த ஊர், எத்தனை வீடு, எவ்வளவு நிலம், என்ன கூலி என்று தெளிவாக எழுதிவைத்திருந்ததால், பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் இருபது ஆண்டு கழித்து 1936-37-இல் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்த முடிந்தது. இருவேல்பட்டுக்கு 1981-இல் எஸ். குகனும் ஜோன் மென்ஷரும் போனார்கள். அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். ஒரு மாணவர் விடுமுறையில் செய்த வேலையிலிருந்து ஓர் ஊரின் நூற்றாண்டு நமக்குக் கிடைத்திருக்கிறது.

எனவே வரைபடம், படிவம், குறியீட்டுப் பட்டியல், பெயர் நீக்கிய தரவு ஆகியவற்றைத் துறை நூலகத்தில் ஒரு படியும் ஊராட்சியில் ஒரு படியும் வையுங்கள். அறிக்கையை முடிக்கும் முன் ஒருமுறை ஊருக்குத் திரும்பப் போய், யார் வீடு என்று தெரியாதபடி அட்டவணைகளை மட்டும் கிராம சபையிலோ, பள்ளிக்கூடத் திண்ணையிலோ வாசித்துக் காட்டுங்கள். ஒருமுறை நாங்கள் "குழாய்க்குச் சராசரி நடை நான்கு நிமிடம்" என்று வாசித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "போறதுக்கு நாலு நிமிஷம் சரி சாமி, தண்ணி வர்ற வரைக்கும் நிக்கிறத யாரு எழுதுவா?" என்று கேட்டார். அன்று மாலையே, வரிசையில் காத்திருக்கும் நேரம் என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டு அதே வீடுகளுக்கு மறுபடி போனோம்.